கணினி எழுந்தது, டேட்டா சர்வர் எழவில்லை: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

இரவு 2 மணிக்கு மின்சாரம் போய் வருகிறது. கணினி தானாகவே எழுந்துவிடுகிறது. ஆனால் காலை ஷிப்டுக்கு வந்தவர் கடவுச்சொல்லைத் தட்டி உள்ளே நுழைந்த பிறகுதான் ஸ்காடா (ஆலையைத் திரையில் கண்காணித்து இயக்கும் மென்பொருள்) திரையில் எண்கள் அசையத் தொடங்குகின்றன. இடைப்பட்ட நேரத்துக்கு ட்ரெண்ட் வரைபடத்தில் வெறும் நேர்கோடு. அந்த நேரத்தில் கொதிகலனின் அழுத்தம் என்னவாக இருந்தது என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

இந்த ஒரே கோளாறை வெவ்வேறு வேடங்களில் பலமுறை சரிசெய்திருக்கிறேன். இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியான பி.எல்.சி.யிலிருந்து மதிப்புகளை எடுத்து, ஸ்காடாவுக்கும் அவற்றைச் சேமித்துவைக்கும் ஹிஸ்டோரியனுக்கும் கொடுக்கும் டேட்டா சர்வர் எதுவானாலும், விண்டோஸில் அதைச் சர்வீஸாக (யாரும் உள்நுழையாமலே பின்னணியில் ஓடும் நிரலாக) ஓட்டும்போது மாட்டிக்கொள்ளும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். நான் பார்க்கும் வரிசையில் எழுதுகிறேன். எளிதில் சரியாவது முதலில், பணமும் நேரமும் கேட்பது கடைசியில்.

## கை வைப்பதற்கு முன்

சர்வரை நிறுத்தித் தொடங்குவது அலுவலகக் கணினியில் ஒரு நிரலை மூடித் திறப்பது போன்றதல்ல. சில சர்வர்கள் எழும்போதே கடைசியாகத் தங்களிடம் இருந்த மதிப்புகளைப் பி.எல்.சி.க்கு எழுதிவிடும். ஆகவே, கட்டுப்பாட்டு அறையில் இருப்பவரிடம் முதலில் கேளுங்கள். இந்தச் சர்வர் வழியாக செட்பாயின்ட் (இயந்திரம் எட்ட வேண்டிய இலக்கு மதிப்பு) எழுதப்படுகிறதா, இப்போது நிறுத்தினால் எந்த அலாரம் கண்ணில் படாமல் போகும் என்ற இரண்டுக்கும் பதில் கிடைக்கும்வரை எதையும் தொட வேண்டாம்.

பிறகு புராஜெக்ட் கோப்பின் நகல் ஒன்றைத் தேதியிட்டு வேறொரு வட்டில் வையுங்கள்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். சோதனை என்றால் இதுதான்: கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள், உள்நுழையாதீர்கள், ஐந்து நிமிடம் காத்திருங்கள், வேறொரு கணினியிலிருந்து மதிப்புகள் மாறுகின்றனவா என்று பாருங்கள். உள்நுழைந்து பார்த்துவிட்டு "ஓடுகிறது" என்று கையெழுத்திட்ட இடங்களுக்குத்தான் நான் இரண்டாம் முறை போக வேண்டியிருந்தது. நீங்கள் உள்நுழைந்த கணத்திலேயே சோதனை கெட்டுவிடுகிறது. உங்கள் பயனர் கணக்கு, உங்கள் டிரைவ்கள், உங்கள் டெஸ்க்டாப் எல்லாம் சேர்ந்து கோளாறை மறைத்துவிடுகின்றன.

சோதனைக்குப் பிறகு பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, சர்வீசஸ் சாளரம். மற்றொன்று, ஈவன்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸின் கீழ் உள்ள சிஸ்டம் பகுதி. அங்கே 'சர்வீஸ் கன்ட்ரோல் மேனேஜர்' எழுதிய பதிவுகளை மட்டும் வடிகட்டி எடுத்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழே அந்த எண்களை வைத்துத்தான் கிளை பிரிக்கிறேன்.

## அறிகுறி: மறுதொடக்கத்துக்குப் பின் சர்வீஸ் ஓடவில்லை, பிழைச் செய்தியும் இல்லை

### சர்வீசஸ் பட்டியலில் பெயர் இருக்கிறது

தொடக்க வகையைப் பாருங்கள். 'மேனுவல்' என்று இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. மென்பொருளைப் புதுப்பித்தாலோ அழித்து மீண்டும் நிறுவினாலோ அது மேனுவலுக்குத் திரும்பிவிடுவதை அடிக்கடி கண்டிருக்கிறேன். 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள். 'டிஸேபிள்டு' என்று இருந்தால் மட்டும் நிதானியுங்கள். கையால் தொடங்க முயன்றால் 1058 என்ற பிழை வரும். அதை யாரோ காரணத்தோடு முடக்கியிருக்கலாம், விசாரித்துவிட்டு மாற்றுங்கள்.

ஆட்டோமேட்டிக் என்றே இருந்தும் எழவில்லை என்றால், சிஸ்டம் பகுதியில் 7001 என்ற எண்ணைத் தேடுங்கள். இந்தச் சர்வீஸ் சார்ந்திருக்கும் இன்னொரு சர்வீஸ் எழவில்லை என்று பொருள். கையால் தொடங்கும்போது இதுவே 1068 என்று வரும். 'டிபென்டன்சீஸ்' தாவலில் பட்டியல் இருக்கும். அதில் உள்ள ஒவ்வொன்றாகப் பார்த்து, முதலில் விழுந்ததைச் சரிசெய்யுங்கள். பெரும்பாலும் உரிமச் சர்வீஸோ தரவுத்தளமோதான் அது. 1075 வந்தால், சார்ந்திருக்கும் சர்வீஸ் கணினியிலேயே இல்லை. யாரோ அதை நீக்கிவிட்டார்கள்.

### பட்டியலில் பெயரே இல்லை

அப்படியானால் உங்கள் சர்வர் இன்னும் சர்வீஸாகவே பதியப்படவில்லை. சாதாரண நிரலாக ஓடிக்கொண்டிருக்கிறது. மென்பொருளின் அமைப்புகளில் 'சர்வீஸாக ஓட்டு' என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும். அதைப் போட்டு, நிர்வாகி உரிமையோடு ஒருமுறை பதிவுசெய்ய வேண்டும். பழைய ஓ.பி.சி. (ஆலைக் கருவிகளும் மென்பொருள்களும் தரவு பரிமாறிக்கொள்ளும் பொது நெறிமுறை) சர்வர்கள் பலவற்றுக்குப் பதிவு இரண்டு வகை. ஒன்று சாதாரண நிரலாக, மற்றொன்று சர்வீஸாக. நிறுவியவர் முதல் வகையில் பதிந்துவிட்டுப் போயிருப்பார். கையேட்டில் எந்தக் கட்டளை எது என்று பார்த்து, முதலில் பதிவை நீக்கி, பிறகு சர்வீஸாகப் பதியுங்கள்.

### மறுதொடக்கத்தில் எழுகிறது, அணைத்துப் போட்டால் எழவில்லை

விண்டோஸ் 8 முதல் வந்த 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' இதைச் செய்யும். இது இயங்கும்போது, கணினியை அணைப்பது முழுமையான அணைப்பு அல்ல. பயனர்களை மட்டும் வெளியேற்றிவிட்டு, அடிப்படை இயக்கத்தை அப்படியே வட்டில் உறையவைக்கிறது. அடுத்த முறை சர்வீஸ்கள் புதிதாகத் தொடங்குவதில்லை, விட்ட நிலையிலிருந்தே தொடர்கின்றன. நின்றிருந்த சர்வீஸ் நின்றபடியே வரும். அறுந்த இணைப்பு அறுந்தபடியே வரும். டேட்டா சர்வர் ஓடும் கணினியில் இந்த வசதிக்கு வேலையே இல்லை. பவர் ஆப்ஷன்ஸில் போய் எடுத்துவிடுங்கள்.

## அறிகுறி: யாராவது உள்நுழைந்தால்தான் எழுகிறது

முதலில் 'ஸ்டார்ட்டப்' கோப்புறையைப் பாருங்கள். அங்கே சர்வரின் குறுக்குவழி இருந்தால், அதுதான் எழுப்புகிறது, சர்வீஸ் அல்ல. அதை நீக்கிவிட்டு மேலே சொன்னபடி சர்வீஸாகப் பதியுங்கள்.

சர்வீஸாகப் பதிந்தும் இதே நிலை என்றால், பழைய டி.காம் (விண்டோஸ் நிரல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறை) வழி ஓ.பி.சி. சர்வராக இருக்கும். காம்பொனன்ட் சர்வீசஸில் அந்தச் சர்வரின் பண்புகளைத் திறந்து 'ஐடென்டிட்டி' தாவலுக்குப் போங்கள். 'இன்டராக்டிவ் யூசர்' என்று தேர்வாகியிருந்தால், திரைமுன் ஒருவர் உட்கார்ந்திருந்தால்தான் அது எழும். 'லாஞ்சிங் யூசர்' என்றிருந்தால் இன்னொரு சங்கடம்: கேட்கும் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனிப் பிரதி எழுந்து, எல்லாம் ஒரே சீரியல் போர்ட்டுக்கு முட்டிக்கொள்ளும். சர்வீஸாக ஓடுவதற்கு 'சிஸ்டம் அக்கவுன்ட்' அல்லது அதற்கென ஒதுக்கிய ஒரு கணக்கு என்பதே சரி.

ஒரு தவறான அறிகுறியையும் சொல்லிவிடுகிறேன். கடிகாரத்துக்குப் பக்கத்தில் வழக்கமாகத் தெரியும் சின்னம் தெரியவில்லை என்பதால் சர்வர் ஓடவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து சர்வீஸ்கள் செஷன் 0 என்ற தனி அறையில் ஓடுகின்றன. அவற்றின் சாளரம் எதுவும் உங்கள் திரைக்கு வராது. அந்தச் சின்னம் தனியொரு சிறு நிரல். டாஸ்க் மேனேஜரின் 'டீட்டெய்ல்ஸ்' பகுதியில் செஷன் நெடுவரிசையைச் சேர்த்துப் பார்த்தால் உண்மை தெரியும்.

கடவுச்சொல் கேட்காமல் தானாக உள்நுழையும்படி கணினியை மாற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று போகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆலையின் கணினி யார் வேண்டுமானாலும் தொடக்கூடிய திறந்த வீடாகிறது. போதாதற்கு, யாராவது வழக்கம்போல வெளியேறும் பொத்தானை அழுத்தினால் சர்வரும் கூடவே போய்விடும்.

## அறிகுறி: பிழை 1053, பதிவில் 7009 அல்லது 7000

சர்வீஸ் உரிய நேரத்தில் பதில் சொல்லவில்லை என்று பொருள். விண்டோஸ் இயல்பாக 30 விநாடி காத்திருக்கும். இங்கே கிளை இரண்டாகப் பிரிகிறது.

### கணினி எழும்போது மட்டும் வருகிறது. பிறகு கையால் தொடங்கினால் எழுகிறது

கணினிக்கு மூச்சுத் திணறுகிறது. தரவுத்தளம், வைரஸ் தடுப்பு, ஹிஸ்டோரியன் எல்லாம் ஒரே நேரத்தில் வட்டை இழுக்கின்றன. தொடக்க வகையை ஆட்டோமேட்டிக்கின் 'டிலேய்டு ஸ்டார்ட்' வகைக்கு மாற்றுங்கள். மற்றவை எழுந்து ஏறத்தாழ 2 நிமிடம் கழித்து இது தொடங்கும். பத்தில் எட்டுமுறை இதோடு நான் பையை மூடியிருக்கிறேன்.

போதவில்லை என்றால், வைரஸ் தடுப்பில் சர்வரின் கோப்புறைக்கு விலக்கு கேளுங்கள். அதுவும் போதவில்லை என்றால்தான் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுவது. விண்டோஸின் அமைப்புகள் சேர்ந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில், இயந்திரம் முழுவதற்குமான கிளையின் கீழ் சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல் என்று இறங்கினால், 'சர்வீசஸ் பைப் டைம்அவுட்' என்ற சொற்களை இடைவெளியின்றிச் சேர்த்த பெயரில் ஒரு டி-வேர்டு மதிப்பு இருக்கும். இல்லையென்றால் உருவாக்க வேண்டும். அலகு மில்லிவிநாடி. ஒரு நிமிடத்துக்கு 60000. எழுதும்போது 'டெசிமல்' என்று தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஹெக்ஸாடெசிமலில் 60000 என்று தட்டினால் அது 393216 ஆகி, ஆறரை நிமிடக் காத்திருப்பாகிவிடும். இந்த மாற்றம் கணினியை மறுதொடக்கம் செய்த பிறகே செல்லுபடியாகும், எல்லாச் சர்வீஸ்களையும் பாதிக்கும். அதனால்தான் கடைசியில் வைத்தேன்.

### கையால் தொடங்கினாலும் எப்போதும் வருகிறது

சாதாரண நிரல் ஒன்றை யாரோ சர்வீஸ் பட்டியலில் திணித்திருக்கிறார்கள். சர்வீஸ் என்றால் விண்டோஸுக்குத் "தொடங்கிவிட்டேன்" என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். சாதாரண நிரலுக்கு அந்த மொழி தெரியாது. உற்பத்தியாளர் சர்வீஸ் பதிப்பு தருகிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால், சாதாரண நிரலைச் சர்வீஸாகப் போர்த்தி ஓட்டும் உறை நிரல்கள் உண்டு. டாஸ்க் ஷெட்யூலரும் உண்டு. டாஸ்க் ஷெட்யூலரைப் பயன்படுத்தினால் இரண்டு இயல்பு அமைப்புகளை மறக்காமல் மாற்றுங்கள். 3 நாளுக்கு மேல் ஓடும் பணியை நிறுத்திவிடு என்று ஒன்று இருக்கும். மின் இணைப்பில் இருந்தால் மட்டும் தொடங்கு என்று மற்றொன்று இருக்கும். சரியாக மூன்றாம் நாள் நிற்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

வெளியுலக இணையம் இல்லாத ஆலை வலையில் இன்னொரு காரணம் ஒளிந்திருக்கும். சில பழைய டாட்நெட் சர்வீஸ்கள் எழும்போது தங்கள் டிஜிட்டல் கையொப்பம் ரத்தாகியிருக்கிறதா என்று இணையத்தில் சரிபார்க்கப் போகும். பதில் வராது, காத்துக் காத்து 30 விநாடி முடிந்துவிடும். இணையம் உள்ள மேசையில் சோதித்தபோது ஒழுங்காக எழுந்த சர்வர், ஆலையில் எழ மறுத்தால் இதைச் சந்தேகியுங்கள். அந்தச் சரிபார்ப்பை நிறுத்தும் அமைப்பு எங்கே என்று உற்பத்தியாளரிடம்தான் கேட்க வேண்டும். நிபுணரை அழைக்கும் புள்ளி இது.

## அறிகுறி: பிழை 1069, பதிவில் 7038 அல்லது 7041

சர்வீஸ் தன் கணக்கில் நுழைய முடியவில்லை. 7038 என்றால் பதிவின் உரையைப் படியுங்கள்: கடவுச்சொல் தவறு, காலாவதி, கணக்குப் பூட்டு என்று அதுவே சொல்லிவிடும். ஒரு பொறியாளரின் சொந்தக் கணக்கில் சர்வீஸை ஓட்டவிட்டு, அவர் வழக்கம்போலக் கடவுச்சொல்லை மாற்றியதும் ஆலை கண்ணை மூடிக்கொண்ட நிகழ்வை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ் உடனே விழாது என்பதுதான் இதில் கொடுமை. மாதங்கள் கழித்து மின்சாரம் போய் வரும் ஓர் இரவில்தான் விழும். அதற்குள் கடவுச்சொல் மாற்றிய நினைவு யாருக்கும் இருக்காது.

7041 இன்னும் நுட்பமானது. கடவுச்சொல் சரி, ஆனால் 'சர்வீஸாக உள்நுழையும் உரிமை' அந்தக் கணக்குக்கு இல்லை. சர்வீசஸ் சாளரத்தில் கடவுச்சொல்லை மீண்டும் தட்டினால், விண்டோஸ் அந்த உரிமையைத் தானாகவே வழங்கிவிடும், சர்வீஸ் எழுந்துவிடும். நீங்களும் கிளம்பிவிடுவீர்கள். ஆனால் டொமைனின் (நிறுவனத்தின் கணினிகளையும் கணக்குகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) குரூப் பாலிசி என்ற பொது விதித்தொகுப்பில் அந்த உரிமைப் பட்டியல் வரையறுக்கப்பட்டிருந்தால், பின்னொரு புதுப்பிப்பில் உங்கள் கணக்கு மீண்டும் அதிலிருந்து நீங்கிவிடும். இயல்பாக இந்தப் புதுப்பிப்பு 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒருமுறை நடக்கும். ஓடும் சர்வீஸ் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த மறுதொடக்கத்தில் மீண்டும் 7041. "கடவுச்சொல்லைத் திரும்பப் போட்டால் சரியாகிறது, பிறகு மறுபடியும் வருகிறது" என்று யார் சொன்னாலும் விடை இதுதான்.

இதை ஆலைப் பொறியாளர் தனியாகத் தீர்க்க முடியாது. டொமைன் நிர்வாகியை அழைத்து, பாலிசியிலேயே கணக்கைச் சேர்க்கச் சொல்லுங்கள். அப்போதே, கடவுச்சொல்லை டொமைனே பராமரிக்கும் நிர்வகிக்கப்பட்ட சர்வீஸ் கணக்கு கிடைக்குமா என்றும் கேளுங்கள். டொமைன் நிர்வாகியின் கணக்கையே சர்வீஸுக்குக் கொடுத்து முடித்துவிடும் குறுக்குவழிக்கு மட்டும் இணங்காதீர்கள்.

## அறிகுறி: 'ரன்னிங்' என்கிறது, ஆனால் மதிப்புகள் எல்லாம் 'பேட்' (நம்பத்தகாதவை)

என் நேரத்தை அதிகம் தின்ற அறிகுறி இது. பச்சை விளக்கு எரிகிறது, வண்டி நகரவில்லை. முதலில் ஒரு கேள்விக்கு விடை காணுங்கள்: சர்வீஸைக் கையால் நிறுத்தித் தொடங்கினால் மதிப்புகள் வருகின்றனவா?

### கையால் தொடங்கினால் வருகின்றன

சர்வர் முந்திக்கொண்டது. மின்தடைக்குப் பிறகு கணினி ஒரு நிமிடத்தில் தயாராகிவிடும். ஸ்விட்ச் அதற்கு மேலும் எடுக்கும். பழைய ஸ்பானிங் ட்ரீ முறையில் (வலையில் தரவு சுழன்றுகொண்டே இருக்காமல் தடுப்பது) ஓடும் ஸ்விட்சில், இணைப்பு வந்த பிறகும் போர்ட் 30 விநாடி தரவை விடாது. பி.எல்.சி. தன் பங்குக்கு எழ வேண்டும். அதற்குள் சர்வர் முயன்று, தோற்று, சாதனத்தை ஒதுக்கிவைத்துவிடும். சில மென்பொருள்கள் மீண்டும் முயலும். சில, எத்தனை முறை முயல்வது என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டு நின்றுவிடும்.

டிலேய்டு ஸ்டார்ட்டை முதலில் போடுங்கள். பிறகு சர்வரின் சாதன அமைப்பில் மறுமுயற்சி வரம்பில்லாமல் நடக்கிறதா என்று பாருங்கள். சர்வர் ஒரு குறிப்பிட்ட நெட்வொர்க் அட்டையின் முகவரியோடு மட்டும் கட்டப்பட்டிருந்தால், அந்த அட்டைக்கு நிலையான முகவரி கொடுங்கள். தானாக வாங்கும் முகவரி சர்வர் எழும் கணத்தில் வந்திருக்காது. டி.சி.பி.ஐ.பி. சர்வீஸைச் சார்புப் பட்டியலில் சேர்த்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது மென்பொருள் அடுக்கு தயார் என்று மட்டுமே உறுதி தரும். கேபிளின் மறுமுனையில் உயிர் இருக்கிறது என்று உறுதி தராது.

### சர்வீஸாக வராது, டெஸ்க்டாப்பில் நிரலாக ஓட்டினால் வருகிறது

நீங்கள் ஓட்டும்போது நீங்கள்; சர்வீஸ் ஓடும்போது வேறு ஆள். அந்த ஆளுக்கு என்ன தெரியாது என்று வரிசையாகப் பாருங்கள்.

எந்தப் புராஜெக்ட் கோப்பை அது திறந்திருக்கிறது? சர்வீஸ் வெறுமையான இயல்புக் கோப்பைத் திறந்துகொண்டு நிம்மதியாக ஓடிக்கொண்டிருப்பது மிகச் சாதாரணம். உங்கள் பயனர் கோப்புறையில் சேமித்த அமைப்புகள் அதற்குத் தெரியாது. கோப்பின் பாதை முழுமையாக இல்லாமல் வெறும் பெயராக இருந்தால், சர்வீஸ் அதை விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறையில் தேடும்.

இசட் டிரைவ் போன்ற இணைக்கப்பட்ட டிரைவ்கள் உங்கள் உள்நுழைவோடு பிறந்தவை. சர்வீஸுக்கு அவை இல்லை. இரட்டைப் பின்சாய்வுக்கோட்டில் தொடங்கும் முழு நெட்வொர்க் பாதையைக் கொடுங்கள், சர்வீஸின் கணக்குக்கு அங்கே அனுமதியும் கொடுங்கள்.

தரவுத்தளத்துக்கு ஓ.டி.பி.சி. இணைப்பு வைத்திருந்தால், அது 'யூசர்' பகுதியில் இருக்கிறதா 'சிஸ்டம்' பகுதியில் இருக்கிறதா என்று பாருங்கள். சிஸ்டத்தில் இருந்தால்தான் சர்வீஸுக்குத் தெரியும். 64 பிட் விண்டோஸில் ஓ.டி.பி.சி. நிர்வாகி இரண்டு உண்டு. சர்வர் 32 பிட் நிரல் என்றால் 32 பிட் நிர்வாகியில்தான் இணைப்பை உருவாக்க வேண்டும்.

இந்த நிலையில் ஒரு தவறு எளிதில் நேரும்: டெஸ்க்டாப் பிரதியைச் சோதனைக்காகத் திறந்தவர் மூட மறந்துவிடுவார். இப்போது இரண்டு பிரதிகள். சீரியல் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பிடிக்க முடியும், ஓ.பி.சி.யின் புதிய வடிவமான ஓ.பி.சி. யு.ஏ.வின் 4840 போன்ற நெட்வொர்க் போர்ட்டும் அப்படித்தான். டாஸ்க் மேனேஜரில் அதே நிரல் செஷன் 0-இலும் செஷன் 1-இலும் இருந்தால், 1-இல் உள்ளதை மூடிவிட்டுச் சர்வீஸை மறுபடி தொடங்குங்கள். வேறு நிரல் போர்ட்டைப் பிடித்திருந்தால் ரிசோர்ஸ் மானிட்டரின் 'லிசனிங் போர்ட்ஸ்' பட்டியல் அதன் பெயரைக் காட்டும்.

### இரண்டு வழியிலும் வரவில்லை

யு.எஸ்.பி.-சீரியல் மாற்றியை யாராவது வேறு துளையில் செருகினார்களா? காம் 3 என்று இருந்தது காம் 7 ஆகியிருக்கும். டிவைஸ் மேனேஜரில் பழைய எண்ணையே மீண்டும் கொடுங்கள். உரிமம் ஒரு யு.எஸ்.பி. சாவியில் இருந்தால் அதன் விளக்கைப் பாருங்கள். மென்பொருள் எழுந்து சரியாக 2 மணி நேரம் ஓடி நின்றால், உரிமத்தைக் காணாமல் சோதனை முறையில் ஓடுகிறது என்று கொள்ளலாம். பல சர்வர்களில் சோதனைக் காலம் அவ்வளவுதான். இவையும் சரியென்றால் கோளாறு சர்வீஸில் இல்லை. பி.எல்.சி. பக்கத்துக்குக் கருவியியல் பொறியாளரை அழையுங்கள்.

## அறிகுறி: அதே கணினியில் மதிப்புகள் தெரிகின்றன, வெளியிலிருந்து தெரியவில்லை

மறுதொடக்கத்துக்குப் பின் மட்டும் இப்படி என்றால், நெட்வொர்க்கின் வகையைப் பாருங்கள். 'டொமைன்' அல்லது 'பிரைவேட்' என்று இருந்தது, எழும்போது அடையாளம் காண முடியாமல் 'பப்ளிக்' ஆகியிருக்கும். ஃபயர்வாலில் நீங்கள் திறந்த வாசல் பழைய வகைக்கு மட்டுமே. விதியைச் சரியான வகைகளுக்கு விரித்து, கூடவே ஸ்காடா கணினிகளின் முகவரிக்கு மட்டும் என்று குறுக்கிவிடுங்கள். ஃபயர்வாலை அடியோடு அணைத்துப் பார்ப்பது சோதனையாகக்கூட வேண்டாம். அணைத்ததைத் திரும்பப் போட மறந்த கணினிகளை நான் எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

டி.காம் வழி ஓ.பி.சி. என்றால், ஒரு விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பின் அறுந்ததா என்று கேளுங்கள். டி.காம் பாதுகாப்பை இறுக்கும் மாற்றத்தை மைக்ரோசாஃப்ட் 2021 ஜூனில் கொண்டுவந்தது, 2022 ஜூனில் இயல்பாக்கியது, 2023 மார்ச் 14 முதல் அணைக்கவே முடியாதபடி செய்தது. சிஸ்டம் பதிவில் 10036 இருந்தால் இதுதான் காரணம். கிளையன்ட் மென்பொருளைப் புதுப்பிப்பதோ ஓ.பி.சி. யு.ஏ.வுக்கு மாறுவதோதான் வழி. புதுப்பிப்பை நீக்கிவிட்டு ஓட்டுவது வழியல்ல.

யு.ஏ. என்றால் சான்றிதழ்தான் முதல் சந்தேகம். சர்வீஸின் கணக்கை மாற்றினாலோ கணினியின் பெயரை மாற்றினாலோ சர்வர் புதிய சான்றிதழை உருவாக்கியிருக்கலாம். மறுமுனையில் அது நிராகரிக்கப்பட்டோர் பட்டியலில் காத்துக்கொண்டிருக்கும். அங்கே போய் நம்பிக்கைக்கு உரியதாகக் குறியுங்கள். கணினியின் கடிகாரத்தையும் பாருங்கள். மதர்போர்டில் உள்ள பொத்தான் பேட்டரி தீர்ந்துபோனால், ஒவ்வொரு மின்தடைக்குப் பின்னும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய், எல்லாச் சான்றிதழும் செல்லாததாகிவிடும். பேட்டரியை மாற்றினால் தீர்ந்தது.

## அறிகுறி: எழுகிறது, ஓடுகிறது, பிறகு விழுகிறது

பதிவில் 7031 அல்லது 7034 இருக்கும். 'ரெகவரி' தாவலில் முதல் தோல்வி, இரண்டாம் தோல்வி, அடுத்தடுத்த தோல்விகள் என்று மூன்று வரிகள் உண்டு. பலர் முதல் இரண்டில் மட்டும் 'ரீஸ்டார்ட்' போட்டுவிட்டு மூன்றாவதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். மூன்றாம் முறை விழுந்தால் எழாது. மூன்றிலும் போட்டு, இடைவெளி 1 நிமிடம், தோல்விக் கணக்கை 1 நாளில் அழி என்று வையுங்கள்.

இந்தத் தாவல் எதைக் காப்பாற்றாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1069 போலத் தொடக்கத்திலேயே கணக்கில் நுழைய முடியாமல் நின்றால் இது தூண்டப்படாது. சர்வீஸ் விழாமல் உறைந்துபோனாலும் தூண்டப்படாது. விண்டோஸைப் பொறுத்தவரை அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு ஒரே பாதுகாப்பு, பி.எல்.சி.யில் ஒவ்வொரு விநாடியும் கூடும் ஓர் எண்ணை வைத்து, அது 30 விநாடி மாறாவிட்டால் ஸ்காடாவில் அலாரம் அடிக்கச் செய்வது. இதை அமைக்க அரை மணி நேரம் ஆகும். நான் போகும் ஒவ்வொரு ஆலையிலும் கேட்காமலேயே அமைத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் விழுகிறது என்றால் ரெகவரியை நம்பி விட்டுவிடாதீர்கள். டாஸ்க் மேனேஜரில் நினைவகம் நாளுக்கு நாள் ஏறுகிறதா என்று ஒரு வாரம் குறித்துவைத்து, உற்பத்தியாளரின் உதவிப் பிரிவுக்குப் போங்கள். ஒரே நேரத்தில் இரண்டு கணினிகளில் வேறு வேறு சர்வர்கள் விழத் தொடங்கினால் உதவிப் பிரிவுக்கும் முன்னால் மின் பொறியாளரை அழைத்து யு.பி.எஸ்.ஸைப் பார்க்கச் சொல்லுங்கள்.

## அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை

சர்வரின் பெயரும் பதிப்பு எண்ணும், விண்டோஸின் பதிப்பும், கடைசியாக நிறுவிய புதுப்பிப்பின் தேதியும். சிஸ்டம், அப்ளிகேஷன் இரண்டு பதிவுகளையும் கோப்பாகச் சேமித்த நகல். திரையைப் படம் பிடித்தது போதாது. சர்வீஸின் 'லாக் ஆன்', 'ரெகவரி' தாவல்களில் இருந்த நிலை. புராஜெக்ட் கோப்பின் நகல். கணினி எழுந்த நேரம், சர்வீஸ் எழுந்த நேரம், முதல் நல்ல மதிப்பு வந்த நேரம் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கணினி எழுந்த நேரத்துக்குப் பதிவில் 6005 என்ற எண்ணையும், திடீரென மின்சாரம் போனதா என்று அறிய 6008 என்ற எண்ணையும் தேடுங்கள்.

சரிசெய்தவர் கிளம்பும் முன், மறுதொடக்கம் செய்து, உள்நுழையாமல், வேறொரு கணினியிலிருந்து மதிப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கையெழுத்திடுங்கள்.